தாய்மாமன் மடி

அருள்புரம்
12.3.2023

அன்புத் தம்பி முனீஸுக்கு அக்கா ஒச்சம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் மாமா, பாண்டி மூவரும் சுகம். உனக்கு அந்த வயிற்று வலி திரும்ப வந்ததா? மறைக்காமல் எழுது.

வியாழக்கிழமை ஜெயிலுக்கு மனு பார்க்க வந்தேனே, நீ சொன்னதில் பாதி என் காதில் விழவில்லை. கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நாற்பது பேர், அந்தப் பக்கம் நாற்பது பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினால் என்னத்தைக் கேட்பது? கம்பெனியில் முப்பது ஓவர்லாக் தையல் மெஷின் ஓடும்போதுகூடப் பக்கத்து ஆள் பேச்சு எனக்குக் கேட்கும். நான் அழுதேன், நீ தலையைக் குனிந்துகொண்டாய், அதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று எழுப்பிவிட்டார்கள்.

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற சென்னம்மாள்தான் வெளியே உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். மடத்துக்குளத்துக்காரி. அவள் வீட்டுக்காரர் மூன்று வருஷமாக உள்ளே இருக்கிறார். ஆதார் ஜெராக்ஸ் இரண்டு வைத்துக்கொள், எட்டு மணிக்கே வந்து மனு எழுதிக் கொடு, பேச வேண்டியதைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு வா என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். பஸ் ஏறும்போது ஒன்று சொன்னாள். “அழுகாச்சிய மட்டும் ஊட்டுலயே வெச்சுட்டு வந்துருங்க. கெட்ட சேதியும் உள்ள சொல்லிப்போடாதீங்க. நாம சொல்லிப்போட்டு பஸ் ஏறீருவோம். அவங்க அதைய வெச்சுக்கிட்டு எங்கீங்க போவாங்க?”

எனக்கு அது சரியென்று பட்டது. இனி நல்லதை மட்டும்தான் எழுதுவேன். நடந்ததைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன், நீயும் திறக்காதே.

பாண்டிக்கு வைகாசி வந்தால் ரெண்டு முடிகிறது. முடி கண்ணை மறைக்கிறது. நம் குலசாமி கோயிலில், தாய்மாமன் நீ உட்கார்ந்து, உன் மடியில் வைத்துத்தான் அவனுக்கு முடி இறக்கிக் காது குத்த வேண்டும். நீ வராமல் அவன் தலையில் கத்தி படாது. இது உன் அக்கா வாக்கு. வேளைக்குச் சாப்பிடு, யாரோடும் வம்புக்குப் போகாதே.

உன் அக்கா
ஒச்சம்மாள்

*

கோவை சிறை
27.3.2023

அக்காவுக்கு முனீஸ் வணக்கம். நான் நல்லபடி இருக்கிறேன். வயிறு பரவாயில்லை. மாமாவுக்கு அயர்ன் டேபிளில் நின்று நின்று கால் வீங்குமே, இப்போது எப்படி?

உன் கடிதத்தைப் பத்துத் தடவை படித்துவிட்டேன். பாண்டி முடியைப் பற்றி எழுதியிருந்த இடத்தை இன்னும் கூட.

அக்கா, பேசாதே என்கிறாய். எனக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை. ஆரோக்கியராஜும் நானும் ஒரே ரூமில் நாலு வருஷம் ஒரே சட்டியில் பொங்கித் தின்றோம். அவனை நான் பிடித்துத் தள்ளினேன், மாடிப் படியில் உருண்டு செத்துப்போனான் என்று எழுதிப் பார்த்தால்தான் எனக்கே நம்ப முடிகிறது. அவன் மனைவி ரோஸ்மேரி மதினி ஊரிலிருந்து வந்ததா? அவர்கள் கைக்குழந்தை எப்படி இருக்கிறது? யாராவது போய்ப் பார்த்தீர்களா? இதற்கு மட்டும் பதில் எழுது.

பாண்டிக்கு என் முத்தம்.

முனீஸ்

*

அருள்புரம்
20.4.2023

அன்புத் தம்பிக்கு அக்கா. கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லோரும் நலம். மாமாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. வெயிலுக்கு நிறையத் தண்ணீர் குடி.

ஷிப்மெண்ட் நேரம், தினமும் ஒன்றரை ஷிப்ட் ஓடுகிறது. அதனால்தான் போன வியாழன் வர முடியவில்லை. உன் ஜாமீன் மனு தள்ளுபடி ஆகிவிட்டது, வக்கீல் திரும்பப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் ஒரு தடவையில் கிடைக்காதாம், நீ மனசை விடாதே.

பாண்டிக்கு முடி காதைத் தாண்டிவிட்டது. ரப்பர் பேண்டு போட்டுக் குடுமி கட்டினேன், அவிழ்த்து எறிந்துவிட்டான். நான் வேலைக்குப் போனால் வீட்டுக்காரம்மா பழனியம்மாள்தான் அவனைப் பார்த்துக்கொள்கிறார். “ஏங்கண்ணு, பையன் பொட்டப்புள்ளையாட்டவே இருக்கறானே, ஒரு பாவாடையும் எடுத்துக் குடுத்துரு” என்று சிரிக்கிறார். சிரிக்கட்டும். என் தம்பி வரட்டும், அப்புறம் பாருங்கள் என்று சொன்னேன்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

கோவை சிறை
6.5.2023

அக்காவுக்கு முனீஸ். சுகம். நீங்கள் சுகமாக இருப்பது படித்து நிம்மதி.

நான் கேட்டதற்குப் பதில் இல்லை. ஷிப்மெண்ட் அலைச்சலில் விட்டுப்போயிருக்கும். ரோஸ்மேரி மதினி எப்படி இருக்கிறது? ஒரு வரி போதும்.

வக்கீல் வந்தார். கேஸைப் பற்றிக் கடிதத்தில் எழுதினாயா என்று கேட்டு ஏசினார். இங்கே எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்களாம். அதனால் இனிமேல் நான் அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன். நீயாக எழுதினால் படித்துக்கொள்கிறேன்.

ஒரு நாள் பாண்டியைத் தூக்கிக்கொண்டு வா. அந்தக் குடுமியோடு பார்க்க வேண்டும்.

முனீஸ்

*

அருள்புரம்
15.7.2023

அன்புத் தம்பிக்கு. மூன்று மாதமாகக் கடிதம் போடவில்லை என்று கோபமா? இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் சௌக்கியமாக இருக்கச் சாமியை வேண்டுகிறேன்.

ரெண்டாவது ஜாமீனும் தள்ளுபடி. வக்கீல் சொல்லியிருப்பார்.

முனீஸ், ஒரு சங்கடம். பாண்டிக்கு மூணாம் வயது நடக்கிறது, இது முடிவதற்குள் முடி இறக்க வேண்டும் என்று என் மாமியார் ஊரிலிருந்து போன் மேல் போன். உன் மாமாவும் சேர்ந்துகொண்டு குதிக்கிறார். அவருக்கு எப்போதும் பொறுமை கிடையாது, உனக்குத் தெரியாதா? நான் சமாளித்துக்கொண்டு இருக்கிறேன். முடி இப்போது கழுத்தில் புரள்கிறது. எண்ணெய் வைத்து ரெண்டு சடை போட்டுவிட்டால் அத்தனை அழகு, என் கண்ணே பட்டுவிடும்போல இருக்கிறது.

அவனைக் கூட்டிக்கொண்டு வர எனக்கும் ஆசைதான். பஸ்ஸில் வாந்தி எடுக்கிறான். பார்க்கலாம்.

அக்கா

*

கோவை சிறை
2.8.2023

அக்காவுக்கு முனீஸ். நான் நலம்.

மாமாவிடம் நான் கெஞ்சிக் கேட்டதாகச் சொல். இன்னும் ஆறு மாதம். கேஸ் நடக்க ஆரம்பித்துவிட்டது. நமக்கு அப்பா இல்லை, அம்மா இல்லை. உனக்குத் தாய்வீடு என்று நான் ஒருத்தன்தான். சீர் தூக்கிக்கொண்டு வரத்தான் கொடுத்து வைக்கவில்லை, மடியையாவது கொடுக்கிறேனே.

இங்கே கூட இருப்பவர்கள் ஆளுக்கு ஒன்று நினைத்துக்கொண்டு நாளைத் தள்ளுகிறார்கள். நான் பாண்டி முடியை நினைத்துக்கொள்கிறேன். நேற்றைக்கு இவ்வளவு இருந்தது, இன்றைக்கு இவ்வளவு இருக்கும் என்று. சிரிக்காதே. மாமா கோபித்தால் என்னைத் திட்டச் சொல், வாங்கிக்கொள்கிறேன். முடியை மட்டும் இறக்கிவிட வேண்டாம்.

முனீஸ்

*

அருள்புரம்
10.1.2024

அன்புத் தம்பிக்கு அக்காவின் பொங்கல் வாழ்த்து. நாங்கள் நலம். பனி அதிகம், காதைக் கட்டிக்கொண்டு படு.

ரொம்ப நாள் எழுதவில்லை. கம்பெனியில் ஆள் பற்றாக்குறை, கை ஒழியவில்லை. பாண்டி நன்றாக இருக்கிறான். முடி தோளைத் தாண்டிவிட்டது. நீ வரும்வரை அப்படியே இருக்கும். பனிக்காலம் என்பதால் அவனை வெளியே கூட்டிக்கொண்டு வர யோசனையாக இருக்கிறது.

வேறு ஒன்றும் இல்லை.

அக்கா

*

கோவை சிறை
23.2.2024

அக்காவுக்கு,

நேற்று மாமா மனு பார்க்க வந்தார். முதல் தடவையாக. பாண்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

நான் சடையைத் தேடினேன் அக்கா. தலையில் ரெண்டு விரல் கனத்துக்கு முடி. வேறு யாருடைய பிள்ளையோ என்றுதான் முதலில் நினைத்தேன். அவன் என்னைப் பார்த்துவிட்டு அப்பன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். என் முகத்தைப் பார்த்து மாமாவுக்குத்தான் சங்கடம். “மாப்ளே, கார்த்திகையிலயே எறக்கியாச்சேப்பா. ஒங்கக்கா எழுதியிருப்பான்னுல்ல நெனச்சேன்?” என்றார். நம் சித்தப்பா மகன் தங்கவேலு மடியில் உட்கார வைத்தீர்களாம்.

அதுகூடப் பரவாயில்லை. மாமாவிடம் நான் கோபமாகக் கேட்டுவிட்டேன், ஒரு வருஷம் பொறுக்கக் கூடாதா என்று. அவர் என்னையே பார்த்தார். “நா எங்கடா அவசரப்பட்டேன்? முனீஸு வரட்டும், அடுத்த வருசம் பாப்போம்னுதேன் சொன்னேன். அவதேன் ஒத்தக்கால்ல நின்டா” என்றார்.

அப்படியானால் மாமா குதிக்கிறார் என்று நீ எழுதியதும் பொய். பொங்கலுக்கு முடி தோளைத் தாண்டிவிட்டது என்று எழுதியதும் பொய். நீ எழுதின முடியை நான் இங்கே தினமும் வளர்த்துக்கொண்டிருந்தேன். என்னை ஆறுதல்படுத்துகிறாய் என்று புரிகிறது. ஆனால் இல்லாத ஒரு பிள்ளையை அல்லவா எனக்குக் காட்டியிருக்கிறாய்?

ஏன் இறக்கினாய்? மாமியாருக்குப் பயந்தா? ஜெயிலுக்குப் போனவன் மடி தீட்டு என்று யாராவது சொன்னார்களா? என்னவாக இருந்தாலும் எழுது. நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன், ஓடவும் வழியில்லை.

முனீஸ்

*

அருள்புரம்
14.4.2024

முனீஸ்,

சுகமா என்று கேட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். ஏழெட்டுத் தாளைக் கிழித்துப்போட்டேன். இதைக் கிழிக்கப் போவதில்லை.

யாரும் என்னை மிரட்டவில்லை. உன் மடி தீட்டு என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நானேதான்.

ஐப்பசியில் ரோஸ்மேரி வந்திருந்தாள். ரூமில் கிடந்த ஆரோக்கியராஜின் பெட்டியை எடுத்துப் போக வந்தவள், விலாசம் விசாரித்து என் வீட்டுக்கு வந்தாள். இடுப்பில் பிள்ளை. நான் கதவை அடைத்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன். அவள் சண்டைக்கு வரவில்லை. “அக்கா, எப்பிடி விழுந்தாக? நீங்களாவது சொல்லுங்க. போலீசுல ஒண்ணு சொல்றாக. ஊருல குடிச்சுட்டு விழுந்தாகன்னு பேசுறாக. அவுக குடிக்கவே மாட்டாகளேக்கா” என்றாள். காப்பி வேண்டுமா என்று கேட்டேன். அதைத்தான் கேட்டேன் அந்த நேரத்தில்! அவள் எழுந்து போய்விட்டாள்.

அன்றையிலிருந்துதான் எனக்குக் கோபம். அதற்கு முன்னாலும் இருந்தது, மேலே துணியைப் போட்டு மூடி வைத்திருந்தேன். சென்னம்மாள் பேச்சைக் கேட்டு எல்லாவற்றையும் மூடினேன். அடப்பாவி, ஏன்டா அவனைத் தள்ளினாய்? ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கு உன் புது டீ-சர்ட்டைக் கேட்காமல் போட்டுக்கொண்டு போனான், அவ்வளவுதானே? நான் ஒரு ஷிப்டில் எத்தனை நூறு டீ-சர்ட்டுக்குத் தோள் மூட்டுகிறேன் தெரியுமா? சொல்லியிருந்தால் ரிஜெக்ட் பீஸை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து உன் தலையில் கொட்டியிருப்பேனே! ஞாயிறு தவறாமல் என் கையால் சாப்பிட்டவன். எனக்குப் பிரசவ வலி கண்டபோது ஆட்டோ பிடித்துவந்தது நீ இல்லை, அவன். அவன் செத்ததற்கு நான் ஒரு நாள் உட்கார்ந்து அழவில்லை முனீஸ். கொன்றவனின் அக்கா எந்த முகத்தோடு அழுவாள்?

சேதி கேட்டு நான் ஓடி வந்தபோது நீ படிக்கட்டின் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாய். அவன் தலை உன் மடியில் இருந்தது. “எந்திரிடா, எந்திரிடா” என்று நீ கன்னத்தில் தட்டிக்கொண்டே இருந்தாய். ஆம்புலன்ஸ் வருவதற்குள் உன் மடியிலேயே அவன் போய்விட்டான். அந்த மடியில் பாண்டியை வைத்து நினைத்துப் பார்த்தேன். முடியவில்லை. அதனால்தான் முடியை இறக்கினேன். உன் மாமா எவ்வளவோ சொன்னார், நான் கேட்கவில்லை. உனக்கு எழுதப் பயந்து, ரோஸ்மேரி வருவதற்கு முன்னாலேயே அவர் தலையில் பழியைப் போட்டு வைத்தேன். தப்புத்தான்.

மீதியையும் கேள். மொட்டை அடித்து முடிந்ததும் காது குத்த ஆசாரி ஊசியை எடுத்தார். பாண்டி தங்கவேலு மடியில் இருந்தான். தங்கவேலு நல்ல பிள்ளை, அவனைக் குற்றம் சொல்லக் கூடாது. ஆனால் அவன் பாண்டி தலையைப் பிடித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. என் தம்பி உட்கார வேண்டிய இடம் அல்லவா அது? எழுந்து போய்ப் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு கோயிலை விட்டே வெளியே வந்துவிட்டேன். கிறுக்கச்சி என்று மாமியார் ஏசினார். கிடா வெட்டிய சோற்றைக்கூட நான் தின்னவில்லை. பாண்டி காது இன்னும் குத்தாமல்தான் இருக்கிறது. உன் மடியில் வைக்கவும் மனசு வரவில்லை, இன்னொருத்தனுக்குக் கொடுக்கவும் மனசு வரவில்லை. இப்படிக் கிடந்து அல்லாடுகிறேன்.

நேற்று உன் வக்கீல் போன் செய்தார். பார்த்த சாட்சி ரெண்டு பேரும் ஒடிசாவுக்குப் போய்விட்டார்கள், இனி வர மாட்டார்களாம். “ஜட்ஜ் கேட்கும்போது, குடிச்சுட்டுத் தானா விழுந்தான்னு உங்க தம்பி சொன்னாப் போதும்மா, வெளியே வந்துடலாம். அவன் தயங்குறான், நீங்க ஒரு வார்த்தை எழுதுங்க” என்றார்.

எழுதிவிட்டேன் பார். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு நீ அடுத்த மாதமே வந்து வாசலில் நின்றாலும் பாண்டியை உன் மடியில் தர மாட்டேன். செத்தவனைக் குடிகாரன் ஆக்காதே. உள்ளதைச் சொல்லிவிட்டு எத்தனை வருஷம் கழித்து வந்தாலும் சரி, அவன் காது உனக்காக அப்படியே இருக்கும். இதை ஆபீசர் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும்.

வியாழக்கிழமை வருகிறேன். வலைக்கு அந்தப் பக்கம் நின்று திட்டு வாங்கிக்கொள். வயிற்று வலிக்கு மாத்திரை கேட்டு வாங்கிச் சாப்பிடு.

அக்கா

*

கோவை சிறை
30.7.2024

அன்பு அக்காவுக்கு முனீஸ் எழுதுவது. நீ அழுதுகொண்டு சாப்பிடாமல் இருக்கிறாய் என்று மாமா சொன்னார். முதலில் சாப்பிடு, பிறகு படி.

தீர்ப்பு நாளன்று உன்னைக் கோர்ட்டுக்குக் கூட்டிவர வேண்டாம் என்று நான்தான் மாமாவிடம் சொன்னேன். அவர் வந்து விவரம் சொல்லியிருப்பார். இருந்தாலும் என் கையால் உனக்கு எழுத வேண்டும்.

ஜட்ஜ் கேட்டபோது வக்கீல் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் சொன்னேன். “நான்தான்யா தள்ளினேன். அவன் குடிக்கல. கோயிலுக்குப் போயிட்டு வந்து படியேறிக்கிட்டு இருந்தான். டீ-சர்ட்டக் கழத்துடான்னேன், சிரிச்சான், தள்ளிட்டேன்.” ரோஸ்மேரி மதினி பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அவன் குடிக்கவில்லை என்று நான் சொன்னதும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதது. என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்க வேண்டும் என்று நினைக்கவில்லை.

ஏழு வருஷம். இதுவரை இருந்ததைக் கழித்துக்கொள்வார்கள். இப்போது தையல் பிரிவில் போட்டிருக்கிறார்கள், பழகின வேலைதான். ஜட்ஜ் வாசித்து முடித்ததும் நான் முதலில் போட்ட கணக்கு எது என்று நினைக்கிறாய்? 2030 மாசியில் வெளியே வருவேன். பாண்டிக்கு அப்போது ஒன்பது வயது நடக்கும். காது குத்த ஒத்தப்படை வயதுதானே பார்ப்பார்கள், சரியாக வருகிறது.

ஆனால் அக்கா, ஒன்பது வயதுப் பையன் மடியில் உட்காரக் கூச்சப்படுவான். விவரமும் தெரிந்திருக்கும். யாரைத் தள்ளினாய் மாமா, ஏன் தள்ளினாய் என்று கேட்பான். நீ முந்திக்கொண்டு ஒன்றும் சொல்லி வைக்காதே. நான் அவனிடம் முழுசாகச் சொல்கிறேன். கேட்டுவிட்டு உட்கார மாட்டேன் என்று சொன்னால் அவனைக் கட்டாயப்படுத்தாதே.

முனீஸ்